தொடாமல் இருந்த ஒன்பது நாள்

ஆஸ்திரியா நாட்டு மலைப்பண்ணை,
ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் நவநீதன் அவர்களுக்கு,

ஆம்பூர் ஆதிகேசவன் வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் தங்கை கமலமும் இங்கே நலம்; குளிர் மட்டும் ஜாஸ்தி. திருப்பத்தூரில் நீங்களும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். ஃபோன் செய்து விசாரிக்க வழியில்லாததால்தான் முப்பது வருஷம் கழித்துக் கையால் ஒரு கடிதம்.

காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் ஷூ கம்பெனியில் தரம் பார்ப்பது என் பொறுப்பு. வெட்டின தோல், தைத்த ஷூ எல்லாவற்றையும் படம் பிடித்து என் ஃபோனுக்கு அனுப்புவார்கள். நான் ஒரு கட்டைவிரல் படத்தைத் திருப்பி அனுப்பினால் சரக்கு நகரும். ஜெயப்பிரகாஷின் கல்யாண ஆல்பத்தில், அவன் தாலி கட்டும்போது ஊரே அட்சதை போட, பெற்ற தகப்பன் நான் மட்டும் குனிந்து கட்டைவிரல் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அதைப் பார்த்த கமலம் ஆல்பத்தை மூடிவைத்து இரண்டு நாள் பேசவில்லை. ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகள் பாரதிதான் இந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். ஃபோன், டிவி எதுவும் கிடையாது. விறகு அடுப்பு, ஆட்டுப்பால், பத்து நாள் எளிய வாழ்க்கை. விமானம் ஏறும் முன் கமலம் சொன்னாள்: "இந்தப் பத்து நாள்ல யார் ஃபோனைத் தொட்டாலும், திரும்பி வந்ததும் அவங்க நேரா எங்க அண்ணன் வீட்டுக்குப் போய்டணும். நீங்க தொட்டா மட்டும் நீங்க போகவேணாம், உங்க மூஞ்சில முழிக்காம நானே போய்டுவேன்." முப்பத்தோரு வருஷத்தில் அவள் சொல்லிச் செய்யாதது ஒன்றுமில்லை என்பதால் பயந்தே வந்தேன்.

நான் தொடவில்லை, மச்சான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதல் நாளே பண்ணைக்காரி கிளாரா அம்மா, எங்களைப் போலத் தங்க வந்த எல்லார் ஃபோனையும் மரப்பெட்டியில் போடச் சொல்லிப் பூட்டிவிட்டார். கமலத்துக்குச் சமையலறை, எனக்கு ஆட்டுக்கொட்டகை. ஆட்டைக் கண்டால் மற்றவர்களுக்கு என்ன தோன்றுமோ தெரியாது. என் கை தானாக அதன் முதுகுக்குப் போய்விட்டது. முடியை விலக்கி, இங்கே உண்ணி கடித்த தழும்பு, இங்கே முள் கீறல் என்று பார்த்துப் பார்த்து, சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் சாக்பீஸால் ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுவிட்டேன். கிளாரா அம்மா கண் கலங்கிப்போய், இந்தியாவிலிருந்து வந்தவர் ஒவ்வொரு ஆட்டையும் தடவி அதன் வலியை அறிகிறார் என்று சாப்பாட்டு மேஜையில் சொல்ல, எல்லாரும் கை தட்டினார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். ஒரு வாத்தியாரம்மா, நம்பர் ஒன்று என்றால் என்ன என்று கேட்டார். எனக்குப் பொய் வராது. ஷூவுக்கு மேல்தோல் என்றேன். மூன்று? உள்பக்க லைனிங். அதற்குப் பிறகு ரொட்டியை யாரும் தொடவில்லை. அன்று மாலையே என்னை முட்டைக்கோசுக்கு மாற்றிவிட்டார்கள்.

எட்டாம் நாள்தான் கண்டம். சமையலறைச் சுவரில் அவசரத்துக்கென்று பழைய வயர் ஃபோன் ஒன்று இருக்கிறது. அந்த நம்பரைக் கம்பெனியில் கொடுத்து வைத்திருந்தேன். என் உதவியாளர் ஆபித் பாஷா கூப்பிட, கிளாரா அம்மா எடுத்துக் கேட்டு என்னை அழைத்தார். நாலாயிரம் ஜோடி, சார் பதில் சொல்லாமல் லாரியில் ஏற்றமாட்டார்களாம். இது செல்ஃபோன் இல்லையே என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். கமலம் கரண்டியோடு பார்த்தாள். அடியைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். கையைப் பின்னால் கட்டி நிற்கச் சொல்லிவிட்டு அவளே ரிசீவரை வாங்கினாள். விஷயத்தைக் கேட்டுச் சொல்கிற வேலை மட்டுமே அவளுக்கு.

"விரல் மடங்குற இடத்துல சுருக்கம் விழுதாம்."

"எந்த மாதிரி சுருக்கம்னு கேளு."

கேட்டாள்.

"உங்க நெத்தி மாதிரியாம்."

கமலம் திரும்பி என் நெற்றியைக் கொஞ்ச நேரம் நிதானமாகப் பார்த்தாள். பிறகு ஃபோனில், "வேணாம் பாய், ரிஜெக்ட் பண்ணிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். இருபத்தாறு வருஷ சர்வீஸில் அதைவிடச் சரியான முடிவு நான் எடுத்ததில்லை. ஆனாலும் என் விரல் ஃபோனில் படவில்லை. கிளாரா அம்மாவும் வாத்தியாரம்மாவும் சாட்சி.

ஆகவே கமலம் திருப்பத்தூர் வந்தால் அது விருந்துக்கு மட்டுமே என்று ஊரில் தைரியமாகச் சொல்லலாம். வீட்டுப் பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
சொன்ன சொல் காத்த
ஆதிகேசவன்

பி.கு.: கடிதத்தை மடித்தபடி, இந்தியாவுக்குத் தபால் போக எத்தனை நாள் என்று கிளாரா அம்மாவிடம் கேட்டேன். இரண்டு வாரமாம். நாங்களே மூன்று நாளில் வந்துவிடுவோம். "இன்னாத்துக்குப் பேஜாரு, இப்படிக் குடுங்க" என்று கமலம் ஸ்வெட்டருக்குள்ளிருந்து தன் ஃபோனை எடுத்து உங்களுக்கு அனுப்ப எல்லாப் பக்கத்தையும் படம் பிடித்தாள். முதல் நாள் பெட்டியில் அவள் போட்டது வெறும் மூக்குக்கண்ணாடி உறையாம். தினமும் பால் காயும் நேரத்தில் உங்களோடு வீடியோவில் பேசியிருக்கிறாள். ஆட்டு விஷயத்தை இரண்டு தரம் சொல்லச் சொல்லிச் சிரித்தீர்களாமே. மேலே எழுதியதில் உங்களுக்குப் புதிதாக ஒன்றுமில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. கேட்டால், "நான்தானே தொட்டேன், சரி, நான் போறேன். நீங்க தனியா சமைச்சுச் சாப்பிடுங்க" என்கிறாள். அதனால் நானும் கூடவே வருகிறேன். உங்கள் மாடி அறையில் ஃபேன் ஓடுகிறதா என்று அவளுக்கே பதில் போடுங்கள். என்னிடம் ஃபோன் இல்லை.