சாவி கையில இருக்கு, வண்டி நிக்கல

போன ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். என் மச்சான் குமரன கடலூர்லேந்து சிதம்பரம் கூட்டிட்டு போயி, பொண்ணு வீட்டு வாசல்ல எறக்கணும்.

குமரன் என் பொண்டாட்டியோட தம்பி. லேப் டெக்னீஷியன். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டான். ரெண்டு வருஷமா பொண்ணு தேடி இப்பதான் ஒரு எடம் கூடி வந்துச்சு. அன்னைக்குத்தான் பொண்ணு பாக்கப் போறோம், வீட்டுல எல்லாருக்கும் படபடப்பு.

"எல்லாரும் பஸ்லயே போயிடலாங்க"ன்னா என் பொண்டாட்டி செல்வி.

"மாப்ள பஸ்ல போயி எறங்குனா என்னா மரியாதை? நம்ம கார் எதுக்கு இருக்கு?"

"அதான் எனக்கும் தெரியல"ன்னா.

கார்புரேட்டர் வச்ச பழைய கார் அது. ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. நின்னாதான் பிரச்சினை! சிக்னல்ல நின்னா போதும், குளிர் ஜுரம் வந்த மாதிரி உடம்பு பூரா உதறும். அப்புறம் பொசுக்குன்னு ஆஃப் ஆயிடும். வண்டி நிக்கும்போது இன்ஜின் மெதுவா ஓடணும்ல, அந்த ஐடிலிங் சரியில்ல.

மெக்கானிக்கிட்ட விட்டிருக்கலாம். ஆனா அதுக்குள்ள நான் பதினோரு வீடியோ பாத்துட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பானெட்ட தொறந்து, ஸ்பார்க் பிளக்க கழட்டி, தேச்சு மாட்டுனேன். ஒண்ணும் மாறல. சரின்னு கார்புரேட்டர்ல கை வச்சேன். அதுல மிக்ஸ்சர் ஸ்குரூன்னு ஒண்ணு இருக்கு. பெட்ரோலும் காத்தும் எவ்வளவு கலக்கணும்னு முடிவு பண்றது அதுதான். அத இந்தப் பக்கம் அரை சுத்து, அந்தப் பக்கம் ஒரு சுத்துன்னு திருப்புனேன்.

எத்தன சுத்து திருப்புனோம்னு எழுதி வச்சிக்கணும்னு வீடியோவுல சொன்னாங்க. நான் எழுதல. ஞாபகம் இருக்கும்னு நெனச்சேன்!

மறுநாள் காலையில செல்வியும் என் மாமியாரும் பூ, பழத்தோட நிம்மதியா பஸ் ஏறிட்டாங்க. கார்ல நானும் குமரனும் மட்டும். புது வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு, அத கசக்காம விறைப்பா உக்காந்திருந்தான்.

முதுநகர் தாண்டுறதுக்குள்ள மூணு தடவ ஆஃப் ஆச்சு.

மொத தடவ, "என்னா மாமா?"ன்னான்.

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு மச்சான்."

ரெண்டாவது தடவ, "நேத்து தேச்ச பிளக்கு இன்னும் செட்டாவல"ன்னேன்.

மூணாவது தடவ அவன் கேக்குறதுக்கு முன்னாடியே நானாவே, "கடக்காத்து! உப்பு ஜாஸ்தி"ன்னேன்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான்.

கொஞ்ச தூரம் போனா ரயில்வே கேட் போட்டிருக்கு. நின்னா ஆஃப் ஆயிடும். அதனால கால எடுக்காம ஆக்சிலேட்டர அழுத்தி அழுத்தி விட்டேன். வ்ரூம்! வ்ரூம்!

எனக்கு முன்னாடி ஒருத்தரு மொபட்ல ரெண்டு மூட்டை முந்திரிப்பழத்த வச்சிக்கிட்டு நின்னாரு. மெதுவா திரும்பி பாத்தாரு.

"என்னா சார், மேல ஏத்திடுவீங்க போல?"

"இல்லைங்க, ஐடிலிங் நிக்கல."

"நீங்க உறுமுறதப் பாத்தா என் வண்டியே நிக்க மாட்டேங்குது சார். மொதல்ல நீங்க முன்னாடி போங்க!"

அவரு ஒதுங்க, அவரப் பாத்து பக்கத்துல இருந்தவங்களும் ஒதுங்க, அந்தக் கூட்டத்துல எங்களுக்கு மட்டும் கேட்டு வரைக்கும் வழி விட்டுட்டாங்க. மந்திரி கார் மாதிரி போயி மொத ஆளா நின்னேன். பெருமையாக்கூட இருந்துச்சு.

ரயில் போச்சு. கேட்டத் தூக்குனாங்க.

வண்டி ஆஃப்.

பின்னாடி நூறு ஹாரன்! சாவிய திருப்புறேன், திருப்புறேன், இருமுதே தவிர கிளம்பல. குமரன் எறங்கிப் போயி பின்னாடிலேந்து தள்ளுனான். மொபட்காரரும் எறங்கி வந்து கை குடுத்தாரு. தண்டவாளத்தத் தாண்டுனதும் வண்டி புடிச்சுக்கிச்சு. கூடவே பின்னாடி குபுகுபுன்னு ஒரு கரும்புகை.

குமரன் திரும்பி வந்து உக்காந்தான். மூஞ்சி பரவால்ல. ஆனா வேர்வைய தொடைக்கிறேன்னு புகைக்கரி படிஞ்ச கைய நெஞ்சுல வச்சிருக்கான். வெள்ளச் சட்டையில அஞ்சு வெரலும் தெளிவா கறுப்பா பதிஞ்சிருந்துச்சு!

"சட்டையில லேசா தூசி மச்சான்"ன்னேன்.

குனிஞ்சு பாத்தான். "தெரியுது மாமா."

புதுச்சத்திரத்துல ஓரங்கட்டுனேன். வண்டி நின்னா ஆஃப் ஆவுதா? அப்ப ஆஃப் ஆவாத அளவுக்கு வேகமா சுத்த விட்டா போச்சு! அதுக்குன்னு ஐடில் ஸ்குரூ தனியா இருக்கு. ஸ்குரூடிரைவர எடுத்து, போற வரைக்கும் முறுக்குனேன். நிக்கும்போதே இன்ஜின் மாவு மில்லு மாதிரி கத்துச்சு. ஆனா ஆஃப் ஆவல!

"பாத்தியா? மாமா யாரு!"

"சத்தம் ஜாஸ்தியா இருக்கே மாமா?"

"அது ஆரோக்கியமான சத்தம்."

சிதம்பரம் போயி சேந்தோம். நல்ல நேரம் முடிய இன்னும் அரை மணி நேரம் இருந்துச்சு. பொண்ணு வீடு ஒரு சின்ன சந்துல. வாசல்ல பொண்ணோட அப்பா, அவுங்க ஆளுங்க, பஸ்ல எப்பவோ வந்து சேந்த செல்வி, மாமியார் எல்லாரும் நிக்கிறாங்க.

கெத்தா வண்டிய நிறுத்தி, சாவிய திருப்பி, வெளிய எடுத்து, எறங்கிக் கும்புடு போட்டேன்.

வண்டி நிக்கல!

சாவி என் கையில. இன்ஜின் அது பாட்டுக்கு டக்கு டக்கு டக்குன்னு ஓடுது. நம்பர் பிளேட் தாளம் போடுது. கதவு உதறுது. எதிர் வீட்டு மாடியில ஒரு அம்மா துணி காயப்போடுறத நிறுத்திட்டு எட்டிப் பாக்குறாங்க.

பொண்ணோட அப்பா என் கையப் பாத்தாரு. வண்டியப் பாத்தாரு. "தம்பி, சாவி உங்ககிட்டதான இருக்கு?"

"ஆமாங்க."

"அப்ப யாரு ஓட்டுறது?"

சாவிய சட்டுன்னு பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன். செல்வி தலையில கை வச்சிக்கிட்டா.

அப்ப உள்ளேந்து பட்டுப்புடவையில ஒரு பொண்ணு வேகமா வந்துச்சு. "அண்ணா, உள்ள உக்காந்து பிரேக்க மிதிச்சுக்கிட்டு, கியரப் போட்டு கிளட்ச விடுங்க!"

விட்டேன். வண்டி ஒரு குதி குதிச்சு அடங்குச்சு.

அதுதான் நாங்க பாக்க வந்த பொண்ணு, நிவேதா. பாலிடெக்னிக்ல ஆட்டோமொபைல் பாடம் எடுக்குது. ஏதோ டீச்சருன்னு மட்டுந்தான் எங்க வீட்டுல சொல்லியிருந்தாங்க!

"பானெட்ட தொறங்கண்ணா. ஸ்டார்ட் பண்ணுங்க."

"நிவி, காபித் தட்டு..."ன்னு அவுங்க அம்மா உள்ளேந்து கத்துறாங்க.

"ரெண்டு நிமிஷம்மா!"

ஒரு நிமிஷம் காத வச்சுக் கேட்டுச்சு. அப்புறம், "ஐடில் ஸ்குரூவ இவ்வளவு முறுக்குனா சாவிய எடுத்தாலும் இன்ஜின் சூட்டுலயே ஓடும். மிக்ஸ்சர் ஸ்குரூவ யாரு திருப்புனது?"ன்னு கேட்டுச்சு.

நான் மாமியாரப் பாத்தேன். அவுங்க என்னைப் பாத்தாங்க.

"எப்பலேந்துண்ணா இந்தப் பிரச்சினை?"

நான் விடல. பெட்ரோல்ல தண்ணி, பிளக்கு, கடக்காத்துன்னு முழுசா விளக்குனேன். பொறுமையா கேட்டுட்டு, அந்தப் பொண்ணு குமரன்கிட்ட திரும்புச்சு. "நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

குமரன் அஞ்சு வெரல் சட்டையோட நின்னுக்கிட்டு, "எனக்கு கார் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. வேணும்னா டார்ச் அடிக்கிறேன்"ன்னான்.

செல்போன்ல டார்ச் அடிச்சான். ரெண்டு தலையும் பானெட்டுக்குள்ள போச்சு. நாங்க எல்லாரும் முதுகப் பாத்துக்கிட்டு நின்னோம்.

"உஸ்ஸுன்னு கேக்குதுங்களா?"

"ஆமாங்க, இங்கதான்."

ஒரு சின்ன ரப்பர் ஹோஸ். நுனியில வெடிச்சு, அது வழியா இன்ஜின் வேண்டாத காத்த இழுத்துக்கிட்டு இருந்திருக்கு. நிவேதா அதுல வெரல வச்சு அடைச்சதும் உதறல் பாதி நின்னுடுச்சு. வெடிச்ச நுனிய கத்தரியால வெட்டி, மிச்சத்தத் திரும்ப சொருகி, நான் முறுக்குன ஸ்குரூ ரெண்டையும் சரியான எடத்துக்குக் கொண்டு வந்துச்சு. ஓடுதா இல்லையான்னே தெரியல, அவ்வளவு அமைதி!

அவுங்க அம்மா வேற வழியில்லாம காபிய வாசலுக்கே கொண்டாந்தாங்க. நிவேதா கையெல்லாம் கிரீஸ். அதனால குமரனே தட்ட வாங்கி எல்லாருக்கும் குடுத்தான்.

உள்ள போயி உக்காந்ததும் அவுங்க அப்பா கேட்டாரு, "ஏம்மா, உனக்கு சம்மதந்தான?"

"சம்மதம்ப்பா. வண்டியப் பத்தி தெரியாதுன்னு வாய் விட்டு சொல்ற ஆம்பளைய இப்பதான் மொதல்மொதலா பாக்குறேன்."

எல்லாரும் சிரிச்சுக்கிட்டே என் பக்கம் திரும்புனாங்க. செல்வி மட்டும் சிரிக்கல. ரொம்ப நேரம் என்னையே பாத்துக்கிட்டு இருந்தா.

நல்ல வேளை, எனக்குக் கல்யாணம் ஆகி பதினாலு வருஷம் ஆச்சு.