மாண்புமிகு மண்வெட்டிக்காரர்

மக்களாட்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் சட்டமன்றம், வாக்குரிமை, தொகுதிப் பங்கீடு என்று எழுதுவார்கள். நான் ஒரு வாய்க்காலைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேமரன் மலையில் திரிங்காப்புக்குச் சற்று மேலே சுகுமாரனின் கோபிஸ், அதாவது முட்டைக்கோஸ், தோட்டம். அதற்கு நேர் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். நடுவில் ஒரு மண் வாய்க்கால். பெரிய மழைக்கு முன்னால் அதைத் தூர்வாராவிட்டால், மேலே கரைகிற சேறு அத்தனையும் லயத்துக்குள் வந்துவிடும். சுகுமாரன் வருடா வருடம் யாரும் கூப்பிடாமலே மண்வெட்டியோடு இறங்கி, அடைப்பை அள்ளிப் போட்டுவிட்டுப் போவார். அடைத்துக்கொண்டால் அவருடைய கீழ்ப் பாத்தியும் அழுகிப் போகும் என்பது ஒரு காரணம். கடைசி வீட்டு மாரியம்மா அக்கா இன்னொரு காரணம். காலமெல்லாம் கொழுந்து பறித்து முழங்கால் இரண்டும் போனவர். சேறு முதலில் நுழைவது அவர் வீட்டில். கடைசியாக வெளியேறுவதும் அவர் வீட்டிலிருந்துதான்.

லயத்தில் இத்தனை ஆண்பிள்ளைகள் இருந்தோமே, நாங்கள் ஏன் அள்ளவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அதற்குத்தான் சுகுமாரன் இருந்தாரே.

ஒரு நாள் அவர் முழங்கால் சேற்றில் நிற்கும்போது, கட்சிக் கிளைத் தலைவர் சின்னக்கருப்பன் கரையில் வந்து நின்றார். சப்பாத்து அழுக்காகாத தூரத்தில் நின்றார்.

"சுகு, தொகுதிக்கு வேட்பாளர் தேடுறோம்லா. வேலை செய்யிற ஆளா வேணும்னு தலைமை சொல்லிருச்சு."

"நான் வேலை செஞ்சிக்கிட்டு இருக்கேண்ணே."

"அதனாலதான் கேக்குறேன்."

"நான் போயிட்டா இத யாரு செய்வா?"

"நீ ஜெயிச்சுட்டா இந்த மாதிரி ஆயிரம் லோங்காங் செய்யலாம்."

சுகுமாரன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தார். ஆயிரம் வாய்க்கால் என்றதும் மனுஷனுக்கு ஆசை வந்துவிட்டது. நல்ல ஆசைதான். நல்ல ஆசையாக இருந்ததால்தான் எங்களால் தடுக்க முடியவில்லை.

கையில் மண்வெட்டி, காலில் சேறு என்று அவர் படம் பிரிஞ்சாங் இரவுச் சந்தை வரைக்கும் தொங்கியது. நாங்கள் லோரி பிடித்துப் போய் ஓட்டுப் போட்டோம். ஜெயித்தார். சட்டமன்ற உறுப்பினரை எங்கள் நாட்டில் ஒய்பி என்று கூப்பிடுவோம். மாண்புமிகு என்பதன் மலாய்ச் சுருக்கம் அது. ஓட்டு எண்ணி முடிந்த நிமிடத்திலிருந்து அவருடைய சொந்தப் பெயரை அவர் மனைவி ப்ரியா மட்டும்தான் சொன்னார், அதுவும் வீட்டுக்குள்.

மழைக்காலம் வந்தது. ஒய்பி பழைய வழக்கப்படி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலுக்கு வந்தார். அதைப் பார்த்த எங்கள் கோயில் தலைவர் ஆண்டியப்பன் பதறிக்கொண்டு ஓடினார்.

"ஒய்பி, என்ன இது?"

"லோங்காங் அடைச்சிருக்குண்ணே."

"அடைச்சிருந்தா ஒய்பி அள்ளுறதா? பக்கத்துத் தோட்டத்துக்காரன் பாத்தா நம்மள என்னன்னு நெனைப்பான்? ஒய்பிக்கு மரியாதை தெரியாத லயம்னு சொல்ல மாட்டான்?"

"அப்ப நீங்க யாராச்சும் அள்ளுங்க."

"ஒய்பி இருக்கிற ஊர்ல நாங்க எதுக்கு அள்ளணும்? நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஆபிஸ் செய்யாதா?"

பேசிக்கொண்டே மண்வெட்டியை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். நாற்காலி போட்டு உட்கார வைத்து நெஸ்கோபி கொடுத்தார்கள். மண்வெட்டியைக் கழுவி, குங்குமம் வைத்து, கோயில் சுவரில் மாட்டினார்கள். ஒரு மனுஷனை வேலை செய்யவிடாமல் தடுக்க நாங்கள் அன்றைக்குப் பட்ட பாட்டில் பாதிப் பாடு பட்டிருந்தால் வாய்க்கால் சுத்தமாகியிருக்கும்.

ஒய்பி ஆபிசுக்குப் போனார். வடிகால்களைக் கவனிக்கும் அந்த ஆபிசில் யுவனேஸ்வரி என்ற அதிகாரி இருந்தார். மரியாதையான பெண். விதிமுறை தவிர வேறு எதற்கும் குரல் உயர்த்தாதவர்.

"ஒய்பி, நீங்க சொல்ற லோங்காங் எங்க வரைபடத்துல இல்ல."

"நான் இத்தன வருசமா அதுக்குள்ளதாம்மா நின்னுக்கிட்டு இருந்தேன்."

"நின்னு என்ன செஞ்சீங்க?"

"மண்ணு வெட்டுனேன்."

"அரசாங்க நெலத்துல. அனுமதி இருந்துச்சா?"

ஒய்பி குனிந்து வரைபடத்தைப் பார்த்தார்.

"பரவால்ல ஒய்பி. நான் கேக்கல, நீங்க சொல்லல."

"சரிம்மா, இப்ப என்ன செய்யிறது?"

"இல்லாத லோங்காங்க தூர்வார முடியாது. மொதல்ல அது இருக்குன்னு உறுதிப்படுத்தணும். அப்புறம் அது அடைச்சிருக்குன்னு உறுதிப்படுத்தணும். நடுவுல யாராச்சும் அள்ளிட்டா எல்லாம் மறுபடியும் மொதல்லேர்ந்து. அடைக்காத லோங்காங்குக்கு ஒதுக்கீடு கேக்க முடியாதுல்ல?"

இதில் தப்புச் சொல்ல ஒய்பிக்கு எதுவும் கிடைக்கவில்லை. அந்த வாரமே லயத்துக்கு வந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்: "வாய்க்காலின் தற்போதைய அடைப்பு நிலையைப் பேணிப் பாதுகாக்குமாறு பொதுமக்கள் அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." நாங்கள் பாதுகாத்தோம். எங்கள் லயம் ஓர் அரசாங்க உத்தரவை இவ்வளவு விசுவாசமாகக் கடைப்பிடித்தது அதுவே முதல் தடவை.

மழை பெய்தது. சேறு வந்தது. மாரியம்மா அக்கா கட்டில் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, அடுப்பு மூழ்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஒய்பி வந்தார். அரிசி, மைலோ, சமையல் எண்ணெய், ஒரு மெத்தை. மஞ்சள் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். சேற்றோரம் நின்று தூரத்தில் எதையோ சுட்டிக்காட்டுகிற மாதிரி படம் எடுத்தார்கள். அந்தப் படம் பிரபலமாகி, மலை முழுவதும் அந்தப் பூட்ஸ் ஒரு மோஸ்தராகிவிட்டது. சின்னக்கருப்பன் கல்யாண வீட்டுக்கே அதைப் போட்டுக்கொண்டு வந்தார். கிளைச் செயலாளர்கள் வெயில் நாளில்கூட அதை மாட்டிக்கொண்டு நின்று, ஒன்றுமே இல்லாத இடங்களைச் சுட்டிக்காட்டினார்கள்.

அடுத்தடுத்த மழைக்கும் இதே கதைதான். மூன்றாவது மெத்தை வந்தபோது அக்கா வாய் திறந்தார்.

"தம்பி, கட்டில் ஒண்ணுதான் இருக்கு. எனக்கு மெத்த வேணாம். முன்ன மாதிரி வந்து ரெண்டு வெட்டு வெட்டிட்டுப் போ. அது போதும்."

"முடியாதுக்கா. அப்ப நான் வெறும் சுகுமாரன். மண்ணு அடைச்சிருந்தா வெட்டுவேன். இப்ப எனக்கு அதிகாரம் வந்துருச்சு. ஒண்ணும் செய்ய முடியல."

சொல்லும்போது அவர் கண் கலங்கியது. நடிப்பு இல்லை. எனக்கே பாவமாக இருந்தது.

ஆனாலும் மனுஷன் விடவில்லை. குவாந்தானுக்குப் போய்ச் சட்டமன்றத்தில் கேள்வி கேட்டார். "கவனத்தில் கொள்ளப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகும் நடையாய் நடந்து, பதவிக்காலம் முடிவதற்குள் வாய்க்காலை வாய்க்கால் என்று அரசாங்கத்தை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார். அதற்கு ஒரு திறப்பு விழா ஏற்பாடானது.

திறப்பு விழா என்றால் மேடை வேண்டும். மேடைக்குச் சமதளம் வேண்டும். எங்கள் மலையில் சமதளத்துக்கு எங்கே போவது? எனவே வாய்க்காலில் லோரி லோரியாகச் சரளைக் கல் கொட்டி, மட்டம் தட்டி, அதன் மேல் மேடை போட்டார்கள். "நீரோட்டத்தில் ஒரு புதிய சகாப்தம்" என்ற பதாகையின் கீழே நின்று ஒய்பி ரிப்பன் வெட்டினார். நாங்கள் சரளைக் கல்லின் மேல் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டோம்.

விழா முடிந்து கூடாரம் போனது. கல் போகவில்லை.

"இந்தக் கல்ல எப்பம்மா எடுப்பீங்க?" என்று ஒய்பி கேட்டார்.

"கொட்டுறதுக்கு மட்டும்தான் ஒப்பந்தம் ஒய்பி," என்றார் யுவனேஸ்வரி.

"அப்ப அடைப்புன்னு சொல்லி எடுத்துருவோம்."

"அது அடைப்பு இல்லையே. அரசாங்கச் சொத்து."

அந்த மழைக்குச் சேறு ஜன்னல் வரைக்கும் வந்தது. அக்காவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தோம். தூக்கும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த தேர்தல் அறிவித்த அன்றைக்குத்தான் பேசினார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார்.

"சுகுமாரன் ரொம்ப நல்ல மனுசன். தயவுசெஞ்சு அவருக்கு ஓட்டுப் போடாதீங்க."

எதிர்த்து நின்றவர் தங்கராஜு. கியா பார்மில் ஸ்ட்ராபெரிக் கடை வைத்திருப்பவர். ஸ்ட்ராபெரி நிறத்தில் கோட்டுப் போடுவார். கடை வாசலில் ஆளுயர ஸ்ட்ராபெரி பொம்மை ஒன்றை நிறுத்தியது அவருடைய பொதுவாழ்வின் ஒரே சாதனை.

"தங்கராஜு என்ன செஞ்சிருக்கான்னு அவனுக்குப் போடுறது?" என்று ஆண்டியப்பன் கேட்டார்.

"ஒண்ணும் செய்யல. ஒண்ணும் செய்யவும் தெரியாது. அவன் போனா நமக்கு என்ன நட்டம்? வேலை செய்யிறவன அங்க அனுப்பி வெச்சிட்டு, நான் இங்க சேத்துல கெடக்கணுமா?"

லயம் யோசித்தது. மக்களாட்சியை இவ்வளவு தெளிவாக எங்களுக்கு யாரும் விளக்கியதில்லை. அக்கா சுகுமாரனிடமும் நேரிலேயே சொல்லிவிட்டார், உன்னைத் தோற்கடிக்கப் போகிறேன் என்று. "செய்ங்கக்கா, கட்சிக்காரங்க காதுக்குப் போகாம செய்ங்க," என்றாராம் அவர்.

ஸ்ட்ராபெரி ஜெயித்தது. சுகுமாரன் தோற்ற செய்தி வந்ததும் ப்ரியா லட்டுப் பிடித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் சுகுமாரன் பழைய கால்சட்டையோடு இறங்கி வந்தார். பழைய மண்வெட்டி சாமியிடம் இருந்ததால் புதிது ஒன்று வாங்கி வந்திருந்தார். அரசாங்கச் சொத்தைத் தொடாதே என்று சொல்ல ஆபிசிலிருந்து யாரும் வரவில்லை. புதிய ஒய்பியின் பாராட்டு விழாவுக்குக் கியா பார்மில் எல்லோரும் மேடை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆண்டியப்பனும் தடுக்கவில்லை. தோற்றவர் மண் அள்ளுவதில் யாருக்கும் மானக்கேடு இல்லை.

கல்லைப் பெயர்த்துப் பெயர்த்து வெளியே வீசினார். மத்தியானத்துக்குள் தண்ணீர் கலங்கலாக அசைந்து, பிறகு சலசலவென்று ஓடத் தொடங்கியது. மாரியம்மா அக்கா வாசற்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே அழுதார். எத்தனையோ வருடம் கழித்து அந்த வீட்டுத் தரை காயப் போகிறது. லயம் முழுவதும் கரையில் கூடி, கையைக் கட்டிக்கொண்டு, அவர் வேலை செய்கிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்னா உழைப்பு பாத்தியா," என்றார் என் பக்கத்தில் நின்ற வேலம்மா. "நமக்கு ஒய்பின்னு ஒருத்தர் இருந்தா இப்படில்ல இருக்கணும்."

எல்லோரும் ஆமாம் என்றோம். மனசாரத்தான் சொன்னோம்.

அக்கா அழுகையை நிறுத்தினார். "வாய மூடுங்க," என்றார். "சுகு, நீ வீட்டுக்குப் போ. யாரும் இல்லாதப்ப வந்து செய்."

சுகுமாரனுக்கு அது காதில் விழவில்லை. கரைக்கு மேலே, சப்பாத்து அழுக்காகாத தூரத்தில், சின்னக்கருப்பன் போனில் பேசிக்கொண்டிருந்தார். "தலைவரே, அடுத்த தடவைக்கு ஆளு கெடைச்சிட்டாருலா. நேர்ல பாத்துக்கிட்டு இருக்கேன். ஜனங்களே கேக்குறாங்க."

நாங்கள் கை தட்டினோம். மாரியம்மா அக்கா எங்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தடியை ஊன்றி எழுந்து உள்ளே போய், அரிசி டின்னைத் தூக்கி அலமாரியின் மேல் தட்டில் வைக்கத் தொடங்கினார்.