முனி மரத்தடியில் ஒரு சுயவிசாரணை

வருடக் கடைசியில் ஒருநாள் தனியாக உட்கார்ந்து நம்மை நாமே விசாரித்துக்கொள்ள வேண்டும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம். எங்கே உட்காருகிறோம் என்பதில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும்.

ஐம்பதுகளில் இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் வாத்தியார். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தேன். (என்னைப் பற்றித் தெரிந்துகொள்வதுதான் பாக்கி.) ஹட்டனில் ஒரு சாமியார், மௌனமாக உட்கார்ந்து 'நான் யார்?' என்று கேட்டால் பதில் தானாக வரும் என்று பிரசங்கம் செய்தார். பிடித்துக்கொண்டேன். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி காலை, அம்மாவிடம்கூடச் சொல்லாமல் கிளம்பினேன். பொழுது சாயும்வரை வாய் திறப்பதில்லை என்று சபதம். இடம், தேயிலை மலை உச்சியிலிருந்த டர்பன்டைன் மரத்தடி. அதில் முனி இருக்கிறது என்று, தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் ஒருவரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். தொந்தரவு இருக்காதல்லவா?

வெள்ளைப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு கண்ணை மூடினேன். நான் யார்? பதில் வரவில்லை. பனிமூட்டம் வந்தது. பசி வந்தது. அப்புறம், விறகு பொறுக்கப் போய் மூட்டத்தில் வழிதவறிய பாக்கியம் அக்கா வந்தார்.

"வாத்தியாரா? இங்க என்னா செய்றீங்க?"

பேசக்கூடாதே! ஞானிகள் சிரிப்பதுபோல லேசாகச் சிரித்தேன். விறகுக்கட்டைப் போட்டுவிட்டு அக்கா ஓடிய வேகம் இன்றைக்கும் எனக்குப் பிரமிப்புத்தான்.

சற்று நேரத்தில் பாதி லயம் மேலே ஏறி வந்துவிட்டது. முன்னால் அம்மா.

"ஐயோ, எம்புள்ளய முனி அடிச்சிருச்சே!"

ஒரு வார்த்தை பேசியிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் சபதம்! பயப்படாதே என்று கையை மட்டும் உயர்த்திக் காட்டினேன்.

"பாத்தீங்களா, கைய ஓங்குது! புடிங்கடா!" என்றார் மாரியம்மன் கோயில் பூசாரி.

குண்டுக்கட்டாகத் தூக்கிவந்து கோயில் வாசலில் உட்காரவைத்தார்கள். உடுக்கு முழங்கியது. பூசாரி சவுக்கை முறுக்கியபடி என் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"யாரு நீ?"

காலையிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி! எனக்கு மெய்சிலிர்த்துப் போனது. அடுத்த நொடி முதுகில் சுளீரென்று ஒன்று விழ, சபதம் பறந்தது.

"ஸ்கூல் வாத்தியாருங்க!"

"அது இவன் பாக்குற வேல. உள்ள இருக்கிற நீ யாரு? சொல்லு!"

(ஹட்டன் சாமியாருக்குக்கூட விஷயத்தில் இவ்வளவு தெளிவு கிடையாது.) சவுக்கு மறுபடி உயர்ந்தது.

"அம்மா! பசிக்குதும்மா!" என்று அலறினேன்.

அம்மா பாய்ந்து சவுக்கைப் பிடித்துக்கொண்டாள். "விட்டுருங்க பூசாரி. இது எம்புள்ளதான். வேற யாருக்கு இந்த நேரத்துல சோத்து நெனப்பு வரும்?"

அதற்குப் பிறகு பூசாரியின் புகழ் கொத்மலை வரை பரவியது. தேடி வருகிறவர்களுக்கெல்லாம் அத்தாட்சியாக என்னைத்தான் காட்டுவார். நான் மறுத்துப் பேசினால், "இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கு" என்று அவர்களிடம் கண்ணடிப்பார். பெண் பார்க்கப் போன வீட்டுக்கும் கதை எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அப்படியும் தைரியமாகச் சம்மதித்தவள் என் மனைவி. இன்றும் டிசம்பர் முடிகிற நேரத்தில் நான் சற்றே மௌனமாக உட்கார்ந்துவிட்டால், பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருப்பார்கள். அடுப்படியிலிருந்து குரல் வரும்:

"ரொம்ப ரோசன பண்ணாதீங்க. பூசாரி போய்ச் சேந்து பல வருசமாச்சு. இனிமே அடிக்கணும்னா நான்தான் அடிக்கணும்!"