விளக்கு எரிந்தது தொடர்பாக

எங்கள் அலுவலக வேனில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு மஞ்சள் விளக்கு எரிந்தது. நேரத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடு இல்லை. மற்ற எல்லாவற்றைப் பற்றியும் இருந்தது.

எங்களுடையது கடைத் தராசுகள் ஒழுங்காக நிறுக்கின்றனவா என்று பார்க்கும் அலுவலகம். பதினேழு வயதான ஒரு பெட்ரோல் வேன், அதில் ஒரு பெட்டி நிறைய எடைக்கற்கள், ஓட்டுவதற்கு ஒரு ஓட்டுநர். வேனைப் பற்றி எழுதுவதற்கு வாகனப் பிரிவு எழுத்தராக நான். வேன் ஓடிய தூரத்தைவிட நான் எழுதியது அதிகம் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள்.

ஓட்டுநர் நேராக என் மேசைக்கு வந்தார்.

"சார், டேஷ்போர்டுல என்ஜின் படம் போட்ட லைட் எரியுது. பெட்ரோல் டேங்க் மூடியில வாஷர் வெடிச்சிருக்கு, அதான்னு நெனைக்கிறேன். மாத்திட்டா அணைஞ்சிடும்."

"நெனைக்கிறது நீங்களாண்ணே, ஆபீஸா?" என்று கேட்டேன். எனக்கிருக்கும் நல்ல பெயர் இப்படிக் கேட்டுக் கேட்டு வாங்கியது.

"பெரிசாக்கிடாதீங்க சார். வண்டியை உதவாதுன்னு கழிச்சுட்டா என் போஸ்டும் போயிடும். பொண்ணு இப்பதான் காலேஜ் ரெண்டாவது வருஷம்."

அவர் சொன்னது விதிப்படி சரி. ஓட்டுநர் பணியிடம் வாகனத்தின் பதிவெண்ணுக்கு வழங்கப்பட்டது, மனிதருக்கு அல்ல. வேன் கழிக்கப்படும் நாளில் பணியிடமும் கழிந்துவிடும். உள்ளே யாராவது உட்கார்ந்திருந்தால் இறங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இதற்குள் அலுவலகத்துக்குப் பொறுப்பான அலுவலர் கீழே இறங்கி வந்துவிட்டார். அவர் அப்போதுதான் மூன்று நாள் நிர்வாகப் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தார். அங்கே எல்லாவற்றுக்கும் நிறம் கொடுக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். திரும்பிய மறுநாளே கோப்பு, அலமாரி, தண்ணீர் கேன் என்று ஒன்று விடாமல் வட்டமான ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. பச்சை என்றால் நலம். மஞ்சள் என்றால் கவனத்தில் இருக்கிறது. சிவப்பு என்றால் முந்தைய அலுவலர் காலத்தில் நடந்தது.

அவர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இதுக்கு மஞ்சள் குடுத்தது யாரு?"

"வண்டியே குடுத்துக்கிச்சு சார்" என்றார் ஓட்டுநர்.

"என்கிட்ட கேக்காமலா?"

அன்று மாலையே வேனிடம் விளக்கம் கோரும் குறிப்பாணை தயாரானது. வாகனத்துக்குக் குறை ஏதேனும் இருப்பின் அதை ஓட்டுநர் வழியாகவும், எழுத்தர் வழியாகவும், கண்காணிப்பாளர் வழியாகவும் மேலே கொண்டுவர வேண்டுமே தவிர, அலுவலர் அமரும் இருக்கைக்கு நேரெதிரே தன்னிச்சையாக எரிந்து காட்டுவது முறையல்ல என்று அதில் நான் எழுதியிருந்தேன். பெற்றுக்கொண்டதற்கு வாகனத்தால் கையெழுத்திட இயலாது என்பதால், அது ஓட்டுநரிடம் வழங்கப்பட்டது. அவர் இரண்டு முறை படித்துவிட்டுச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார்.

விளக்கு அதற்கும் அணையவில்லை. எனவே மூவர் குழு அமைக்கப்பட்டது. கண்காணிப்பாளர், கணக்கர், கட்டடப் பராமரிப்பைப் பார்க்கும் ஒருவர். இவர்களில் எவருக்கும் இயந்திரங்களோடு எந்த முன்பகையும் கிடையாது.

குழு முதல் நாள் விளக்கைப் பார்த்தது. இரண்டாம் நாள், சாவியைத் திருப்பினால்தான் விளக்கு எரிகிறது என்பதைக் கண்டறிந்து, சாவி மீது சந்தேகம் தெரிவித்தது. மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் எதிர்ச்சாரியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கை அழைத்தது. அவர் ஸ்கேனரைக் கொண்டுவந்து ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி, வந்த எண்ணைப் பார்த்துவிட்டு, நேரே பின்னால் போய் டேங்க் மூடியைக் கழற்றிக் காட்டினார்.

"இதான் சார். வாஷர் வெடிச்சிருக்கு. மூடி இறுகல. பெட்ரோல் ஆவி கசியறதை வண்டி கண்டுபிடிச்சுச் சொல்லுது."

"கசியறது எங்க?" என்று கேட்டார் கண்காணிப்பாளர்.

"பின்னாடி."

"என்ஜின் எங்க இருக்கு?"

"முன்னாடி."

"பின்னாடி இருக்கிற மூடி பண்ற தப்புக்கு முன்னாடி இருக்கிற என்ஜின் எதுக்குய்யா பொறுப்பேத்துக்கணும்? எங்க ஆபீஸ்ல அப்படி வழக்கமே இல்லையே."

மெக்கானிக் கணக்கரைப் பார்த்தார். கணக்கர் மூடியைப் பார்த்தார்.

"மூணு பேர் மூணு நாள் உக்காந்து கண்டுபிடிச்சது ஒரு மூடின்னு எழுதினா, மேல என்ன நெனைப்பாங்க?" என்றார்.

அதுவும் நியாயம்தான். கண்டறியப்பட்ட காரணம் குழுவின் தகுதிக்குக் குறைவாக இருப்பதால், மேலாய்வுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வாளரை அனுப்புமாறு எட்டுப் பக்கத்தில் கேட்டோம். அவர் வரும்வரை வேன் வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவாயிற்று. எடைக்கற்களும் வேனுக்குள்ளேயே இருந்தன. ஊரிலுள்ள தராசுகள் பதினைந்து நாள் கடைக்காரர்களின் மனசாட்சிப்படி நிறுத்தன.

எங்கள் ஓட்டுநருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. பத்தாம் நாள் அவரே ஒரு வாஷர் வாங்கி மாட்டிவிட்டார். மெக்கானிக் வந்து ஸ்கேனரால் பழைய பதிவை அழித்துக் கொடுத்தார். விளக்கு அணைந்தது. ஓட்டுநர் முகமெல்லாம் சிரிப்பாக வந்து சொன்னார்.

"என்ன காரியம்ணே பண்ணிட்டீங்க! லைட் எரியுதுன்னு எட்டு பக்கம் மேல போயிருக்கு."

"அணைஞ்சது நல்லதுதானே சார்?"

"வண்டிக்கு நல்லது. ஃபைலுக்கு?"

"வண்டிக்காகத்தானே சார் ஃபைல்?"

இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. கேட்கிற மாதிரி நான் வைத்துக்கொண்டதும் இல்லை.

அவரை உட்காரவைத்துப் புரியவைத்தேன். விசாரணையில் இருக்கும் விளக்கை அணைத்தால் அதற்குத் தடயத்தை அழித்தல் என்று பெயர். வண்டி கழிய வேண்டிய அவசியம்கூட இல்லை, அதற்கு முன்பே அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர் முகம் சுருங்கியது. எனக்குப் பாவமாக இருந்தது. அவரைக் காப்பாற்றியே தீருவது என்று முடிவு செய்தேன். அலுவலகத்தில் நான் யாரையாவது காப்பாற்ற நினைப்பது அபூர்வம். அந்த அபூர்வம்தான் வினையாகப் போயிற்று.

"பழைய வாஷரைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"இருக்கு சார்."

"திரும்ப மாட்டுங்க."

"மாட்டினா உடனே எரியாது சார். நாப்பது அம்பது கிலோமீட்டர் ஓட்டினாத்தான் வண்டிக்கே தெரியும்."

வெளியே போகக் கூடாது. ஆகவே வளாகத்துக்குள்ளேயே ஓட்டினார். சைக்கிள் நிறுத்துமிடம், தண்ணீர்த் தொட்டி, கொடிக்கம்பம், மறுபடியும் சைக்கிள் நிறுத்துமிடம் என்று மூன்று நாள் சுற்றினார். ஒவ்வொரு திருப்பத்திலும் எடைக்கற்கள் உள்ளே உருண்டன. லாக் புக்கில் பயணத்தின் நோக்கம் எழுதாமல் வண்டியை எடுக்க முடியாது. 'விளக்கை மீட்கும் பொருட்டு' என்று நானே எழுதிக் கொடுத்தேன். அலுவலர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை கொடிக்கம்பத்தருகே ஹாரன் சத்தம் விடாமல் கேட்டது. ஓடினேன். மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு பழுது திரும்பி வந்ததற்கு இரண்டு பேர் அவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த வளாகத்திலேயே முதல் தடவையாக இருக்கும்.

திங்கட்கிழமை ஆய்வாளர் வந்தார். விளக்கைப் பார்த்தார். திருப்தியாகத் தலையசைத்தார். பிறகு லாக் புக்கைக் கேட்டார்.

"விளக்கை மீட்கும் பொருட்டுன்னா என்ன? நடுவுல அணைஞ்சிடுச்சா?"

ஓட்டுநர் என்னைப் பார்த்தார். என் மூளை வேலை செய்தது.

"வாஷரை மாத்திப் பாத்தோம் சார். அணைஞ்சுது. ஆனா திரும்ப வந்துடுச்சு."

"மாத்தியும் வந்துடுச்சா?" ஆய்வாளர் வேனை விட்டு ஓரடி தள்ளி நின்றார். "அப்ப இது தீராத கேஸ். கழிச்சுடுங்க."

ஓட்டுநர் வாயைத் திறந்தார். உண்மையைச் சொன்னால் தடயத்தை ஒரு முறை அழித்து, மறுமுறை உண்டாக்கிய இரண்டு குற்றம். மூடிக்கொண்டார். ஆய்வாளர் என் பக்கம் திரும்பி, எழுதுங்கள் என்றார். 'உரிய பழுது நீக்கத்துக்குப் பின்னரும் விளக்கு மீண்டும் எரிந்தமையால், வாகனம் திருத்த இயலாதது' என்று எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாத வாக்கியம். எழுதி முடித்தபின் ஓட்டுநர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வேன் ஏலத்துக்குப் போனது. பணியிடமும் கூடவே போனது. எதிர்ச்சாரி மெக்கானிக் வேனை எடுத்தார், புது வாஷர் மாட்டினார். வாகனமில்லாத அலுவலகங்கள் தனியாரிடம் வாடகைக்கு அமர்த்திக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. விண்ணப்பித்தது ஒரே ஆள். ஒரே மாதத்தில் அதே வேன் அதே வளாகத்துக்கு வந்து நின்றது. ஓட்டுநரும் எங்கள் பழைய ஓட்டுநரேதான், மெக்கானிக்கிடம் தினக்கூலியில். வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. அலுவலர் தன் கையாலேயே பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார்.

முதல் பயணத்தில் நானும் பின்சீட்டில் இருந்தேன்.

"பிரைவேட்னா பிரைவேட்தான். எவ்வளவு ஸ்மூத்தா போகுது பாருங்க" என்றார் அலுவலர்.

"ஆமா சார்" என்றேன்.

"நான் ஒண்ணு யோசிச்சேன். ஆபீஸுக்குன்னு வண்டியே இல்ல. அப்புறம் வாகனப் பிரிவு எதுக்கு, அதுல ஒரு எழுத்தர் போஸ்ட் எதுக்கு? நீங்களே ஒரு நோட் போட்டு வெச்சிடுங்க. உங்க டிராஃப்ட் மாதிரி வராது."

"சரி சார்" என்றேன். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

கடைத்தெருவில் அலுவலர் இறங்கிப் போனார். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கேலியாக ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அக்கறையாகத்தான் பேசினார்.

"மெக்கானிக் அண்ணன் இன்னொரு பழைய வண்டி எடுக்கறார் சார். ஆள் தேடறார். உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

"ரெண்டு மாசத்துல கத்துக்கலாம் சார். நோட் மேல போய் ஆர்டராகி வர அவ்வளவு நாள் ஆகுமில்ல?"

"நான் போடற நோட் ஒரு வாரத்துக்கு மேல எங்கயும் நிக்காதுண்ணே" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.