மறுபடி சாரும் நான் அழித்த வரியும்

மனிதர்களை நம்பத் தெரியாத ஒரே ஒரு ஆளைப் படைத்த கடவுள், அவரையும் நேராக பெங்களூரு வைட்ஃபீல்டில் இருந்த எங்கள் அலுவலகத்துக்கே அனுப்பிவைத்தார். சொந்தப் பெயர் ஏதோ இருந்தது. எங்களுக்கு அவர் ‘மறுபடி சார்’.

மென்பொருளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை; சோதனைக்கூடத்தின் வாசலை ஒட்டி இருக்கை. அடையாள அட்டையைக் காட்டாமல் யாரும் உள்ளே போக முடியாது. காபி எடுத்துக்கொண்டு திரும்பினால் மறுபடி காட்ட வேண்டும்.

“இப்பதானே சார் பார்த்தீங்க?”

“ரெண்டு நிமிஷத்துல ஆள் மாறமாட்டானா? காட்டுப்பா.”

ஜோகுபாளையத்து வீட்டிலிருந்து அவர் மனைவி புது எண்ணில் கூப்பிட்டபோது, “நம்ம கல்யாணத்துல என்ன பாயசம்?” என்று கேட்டாராம் இந்த மகானுபாவர். அந்த அம்மா சொன்ன பதில் நான்கு மேசை தள்ளி எனக்கே கேட்டது. பாயசம் பற்றி அதில் ஒன்றுமில்லை.

நாங்கள் செய்தது ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்கு மருந்து செலுத்தும் கருவி. அதன் கர்னல், அதாவது யாருக்கு எதைத் தொட உரிமை உண்டு என்று பார்த்து அனுமதிக்கிற அடிப்படை மென்பொருள், ஒவ்வொரு கட்டளையையும் இரண்டு தடவை விசாரித்தது. வந்ததும் ஒரு முறை, நிறைவேற்றும் முன் ஒரு முறை. ஒரே கேள்வி எதற்கு இரண்டு தரம் என்று இரண்டாவதை நான் அழித்தேன். வேகம் கூடியது. அந்த மாற்றத்துக்கு மறுபடி சார் கையெழுத்துப் போட மறுத்தார். மேனேஜர் அவரைத் தாண்டித் தானே போட்டு, எனக்குக் கைதட்டலும் வாங்கித் தந்தார். சேர்ந்து நான்கே மாதம், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுவாரம் மறுபடி சார் எங்களைக் கருவி முன் நிறுத்தினார். எந்த உரிமையும் இல்லாத பார்வையாளர் கணக்கில் நுழைந்தார். விசாரணைக்கு ஒரு சாதுவான கட்டளையைக் காட்டினார். அது தேறியதும், நிறைவேறுவதற்குள் அந்த இடத்தில் வேறொன்றை வைத்தார். மருந்தின் அளவு பத்து மடங்கு ஏறியது. கருவி ஒரு முனகல்கூட முனகவில்லை.

“படுக்கையில உங்கம்மா இருந்தா? சும்னே வேஸ்ட்டுன்னு அழிச்சியேடா!” என்று கன்னடம் கலந்து என்னைப் பார்த்துக் கத்தினார்.

மேனேஜர் வெளிறிப்போய், எச்.ஆர். பெண்ணை வரவழைத்து, “யார் அழிச்சதுன்னு எழுதுங்க. ஆளை இன்னைக்கே வேலையை விட்டு அனுப்பிடலாம்” என்றார். போன வாரம் எனக்குக் கைதட்டிய அதே மனிதர்! அவள் லேப்டாப்பைத் திறந்தாள்.

“எழுதும்மா,” என்றார் மறுபடி சார். “அழிச்சது இவன். வேணாம்னு சொல்லிட்டு சும்மா உக்காந்திருந்தது நானு. என்னைத் தாண்டிக் கையெழுத்துப் போட்டது இவரு. மூணு பேரையும் எழுது.”

நாமெல்லாம் ஒரே குடும்பம் என்பது மேனேஜருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. யார் பெயரும் எழுதப்படவில்லை. அழித்த வரி திரும்ப வந்தது. ஆனால் அந்த வருட மதிப்பீட்டில் மறுபடி சாருக்கு ‘அனுசரித்துப் போகும் குணம் போதாது’ என்று எழுதினார்களே, அதை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. யாரோ பெற்ற பிள்ளைகள் சாகாமல் தடுத்தவருக்கு இதுவா மரியாதை?

கருவியை எங்களுக்குக் காட்டிய அன்று மாலை அலுவலக வண்டியில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் இறங்கும் அல்சூர் வரை, அந்த டிராஃபிக்கில், இரண்டு மணி நேரம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். அவர் இறங்கியபோது, வண்டி இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போயிருக்கலாம் என்று தோன்றியது.