ஒன்பதாம் மேசைக்கு வந்த அழைப்பு

ஒரு காட்டில் பூவணி என்றொரு சருகுமான் இருந்தது. அதன் கணினி மிகவும் ஒழுங்கானது. திறக்கிற சன்னல்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறவிடாமல், தரைக்கு ஓடு பதிப்பதுபோல் பக்கம் பக்கமாக அடுக்கிவிடும். அடுக்குவதற்குத் திரைக்குள் ஒன்பது மேசைகள். ஒரு நேரத்தில் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். விசையைத் தட்டினால் அடுத்ததற்குத் தாவலாம். எந்தச் சன்னல் எந்த மேசையில் திறக்க வேண்டும் என்று பூவணி ஓயாமல் விதி எழுதியது. உலாவி ஒன்றில், பாட்டு இரண்டில், அரட்டை மூன்றில்.

பக்கத்துப் புதரில் கோரையன் என்ற காட்டுப்பன்றி. அதன் திரை வெறும் குப்பைமேடு.

“ஏந்தாயி, வேலையப் பாக்காம நாள் பூரா விதி எழுதிக்கிட்டே இருக்கியே?”

“ஒழுங்குண்ணே, ஒழுங்கு. உங்களுக்கு எங்க புரியப்போவுது!”

அப்போது சிங்கராஜா தமக்கு அந்தரங்க ஆலோசகர் தேவை என்று அறிவித்தார். தேர்வானவருக்குக் காணொளி அழைப்பு வரும். எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். இருவருமே விண்ணப்பித்தார்கள். பூவணிக்கு அந்தப் பதவிமேல் அப்படியொரு ஆசை. அரசரின் அழைப்பு அரட்டைக் கூச்சலில் கலக்கலாமா? அதற்கென்றே ஒன்பதாம் மேசையை ஒதுக்கியது. மணிச்சத்தத்தை அடக்கியது. அழகு கெடுகிறதென்று மேசை எண்களைக் காட்டும் பட்டையையும் மறைத்தது. இத்தனையும் செய்த மகராசி, ஒன்பதாம் மேசைக்குப் போக விசை வைக்க மறந்துவிட்டது.

குறித்த நாளில் குளித்து முழுகி, பளிச்சென்ற முதல் மேசையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தது. அரசர் ஒன்பதாம் மேசையில் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்து, கோரையனைக் கூப்பிட்டார். குப்பைமேட்டின் உச்சியில் சிங்கமுகம் முளைத்தது. கோரையன் அழைப்பை எடுத்தது, வாயெல்லாம் பல்லாகக் குகைக்கு ஓடியது.

பூவணி வாய்விட்டு அழுதது.

மறுநாள் அந்த வழியாக அரண்மனை எழுத்தர் நரி வந்தது. “கோரையண்ணன் ஆலோசனை எல்லாம் எப்படி?” என்று பூவணி வயிற்றெரிச்சலோடு கேட்டது.

“அதை ஏன் கேக்குற! கொழுப்பு கொஞ்சம் தூக்கல்னு ராசா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருக்காரு. ஆமா, முதல்ல உன்னைத்தானே கூப்பிட்டாரு? நீ எப்படித் தப்பிச்ச?”

பூவணி திரும்பித் தன் திரையைப் பார்த்தது. விட்டுப்போன விசை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பாவம் கோரையன் என்று உண்மையாகவே இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தொண்டையைச் செருமியது.

“அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. ரொம்ப நாளா யோசிச்சு வச்சது,” என்றது.

இப்போது பாதிக் காடு அதனிடம் பாடம் கேட்கிறது.

நீதி: பிழை உயிரைக் காப்பாற்றிவிட்டால் அதைத் திருத்தாதே, வகுப்பெடு.