வளையாத தூண்டிலும் டாக்டர் காலரும்

மரக்காணத்தில் என்னைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், அவர் நேற்றுதான் பஸ்ஸை விட்டு இறங்கியிருப்பார். அஞ்சாங்கிளாஸைத் தாண்டாதவன் நான். (தாண்ட விடவில்லை. வாத்தியார் அப்படி.) கூலிக்கு உப்பு வாரியவன், இன்றைக்குச் சொந்தமாக உப்பளம் வைத்திருக்கிறேன். புயல் வந்து கரையை அடித்துக்கொண்டு போனபோது மற்றவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். நான் மண்வெட்டியோடு இறங்கினேன். இன்ஜினியர் இல்லாமல் மாடி வீடு கட்டினேன். (படிக்கட்டு கொஞ்சம் செங்குத்துதான், கையைப் பிடித்துக்கொண்டு ஏறினால் ஒன்றும் ஆகாது.) லாரி வாங்கினேன். மகள் வெண்ணிலாவைக் காலேஜுக்கு அனுப்பினேன். அப்பேர்ப்பட்ட நான் ஒரு விரல் நீள பிளாஸ்டிக் மீனால் பட்ட பாட்டை, என் வீட்டில் என் தரப்பை விட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

வெண்ணிலா, கூடப் படித்த அருணைத்தான் கட்டுவேன் என்றாள். எனக்குச் சம்மதம். அருணின் அப்பா புதுச்சேரியில் பல் டாக்டர். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பேசவே மாட்டார். (எதிராளி வாயில் எப்போதும் பஞ்சை வைத்தே பழகியவருக்குப் பேச்சு எப்படி வளரும்?) ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து எங்களைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு.

"ப்பா, ஒரே ஒரு நாள் பெருமை பேசாம இருப்பா. உனக்குப் புண்ணியமா போகும்" என்று வெண்ணிலா கெஞ்சினாள்.

இருந்திருப்பேன். ஆனால் அதற்கு முன்னாடியே போனில் டாக்டரிடம் பேசிவிட்டேன். அவருக்குக் கரையில் நின்று 'லூர்' வீசி மீன் பிடிப்பதுதான் உயிராம். லூர் என்றால் பொய் மீன், வயிற்றிலும் வாலிலும் தூண்டில் முள் வைத்தது. அதை வீசி, ரீலைச் சுற்றி இழுத்தால், நிஜ மீன் என்று நம்பி கொடுவா வந்து கவ்வும். அருண் இதைச் சொல்லியிருந்தான். வாய் சும்மா இருக்குமா?

"டாக்டர் சார், லூர்தானே? நமக்குக் கை பழகின வேலைங்க. வாங்க, முகத்துவாரத்துல சேர்ந்து வீசுவோம்."

அந்தப் பக்கம் முதல்முறையாக ஒரு சந்தோஷக் குரல் கேட்டது: "அப்படியா! என்ன ராட் வச்சிருக்கீங்க?"

"பெரிய ராடுங்க" என்றேன். வீட்டில் ஒட்டடைக் கம்பு மட்டும்தான் இருந்தது.

மறுநாள் புதுச்சேரியில் ஒரு தூண்டில் கடை. கடைக்காரப் பையன், "என்ன வெயிட்டு லூர் போடுவீங்க, சார்?" என்று கேட்டான்.

"லூரை அப்புறம் பார்க்கலாம். நல்ல கம்பா எடு."

எங்கள் உப்பளத்தில் உப்பு வாரும் பலகைக்குக் கம்பு எடுக்க ஒரு முறை இருக்கிறது. தரையில் ஊன்றி, முழு உடம்பையும் மேலே சாய்க்க வேண்டும். வளைந்தால் ஆகாது. ஈர உப்பின் கனத்துக்கு வளைகிற கம்பு, மதியத்துக்குள் இடுப்பை வாங்கிவிடும். கம்பு விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது.

பையன் கொடுத்ததை ஊன்றிச் சாய்ந்தேன். வில்லாக வளைந்தது.

"சார், சார்! அழுத்தாதீங்க! அது வளையணும், சார். லூர் வெயிட்டுல பின்னாடி வளைஞ்சு நிமிர்றப்பதான் தூரமா போகும்."

"தம்பி, கம்பைப் பத்தி எனக்கே சொல்றியா?"

இன்னொன்று. அதுவும் வளைந்தது. கடைசியில் மூலையில் ஒன்று நின்றது. படகில் போய் ஆழ்கடலில் பெரிய மீன் பிடிக்கிறவர்களுக்கானதாம். முழுப் பாரத்தையும் போட்டேன். அசையவில்லை.

"இது!" என்றேன்.

"இதுல சின்ன லூரை வீச முடியாது, சார்."

"உன்னால முடியாது."

ஞாயிற்றுக்கிழமை காலை முகத்துவாரத்தில் நின்றோம். டாக்டர் வெள்ளைச் சட்டையில், மெல்லிய ராட் ஒன்றோடு வந்திருந்தார். அருணும் வெண்ணிலாவும் சற்றுத் தள்ளி. டாக்டர் என் கம்பைப் பார்த்தார், அதன் நுனியில் தொங்கிய பொடி லூரைப் பார்த்தார். என் பின்பக்கம் போய்ப் பையைத் திறந்தார்.

கம்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், இருந்த பலமெல்லாம் சேர்த்து வீசினேன். பாதியில் நின்றது. என்னவோ மாட்டியிருக்கிறது. உப்பளத்துக்காரன் புத்தி, மாட்டினால் இழு. இழுத்தேன்.

"அசையாதீங்க."

டாக்டர் குரல். சத்தமில்லாமல், பல் பிடுங்கும் முன்னால் சொல்கிற மாதிரி.

திரும்பிப் பார்த்தேன். லூர் அவர் காலரில் தொங்கியது. ஒரு முள் துணியைக் குத்தி நின்றது. இன்னொரு முள் கழுத்து நரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. நூல் விறைத்து நின்றது. அறுக்க முடியாத நூல் என்று பெருமையாக நான்தான் கேட்டு வாங்கினேன்.

எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. வளைகிற ராடாக இருந்தால் அந்த நடுக்கத்தைத் தானே வாங்கிக்கொண்டிருக்கும். நான் எடுத்தது தூணாயிற்றே! என் கையில் ஒரு துடிப்பென்றால் அங்கே முள்ளில் ஒரு துடிப்பு. தளர்த்தலாம் என்று ரீலைத் திருப்பினேன். 'கிர்ர்' என்றது. தளரவில்லை, இறுகியது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். அருண் மரமாக நின்றான். கல்யாணம் போச்சு, ஆளாவது மிஞ்சட்டும் என்று குலசாமியைக் கூப்பிட்டேன்.

"ப்பா, ரீலைத் தொடாத!"

வெண்ணிலா மணலில் ஓடிவந்து, நூலை இரண்டு விரலால் லூருக்கு அருகே பிடித்துக்கொண்டாள். "இப்ப அந்தக் கம்பி வளையத்தைத் தூக்கு. அது இல்ல, ரீல் மேல இருக்கிறது. தூக்கிட்டியா? அப்படியே கீழ வச்சுட்டு நகரு."

நூல் தொய்ந்தது.

"அங்கிள், சட்டையைக் கொஞ்சம் வெட்டவா?"

"வெட்டும்மா."

அவர் பையிலிருந்து கத்தரியை எடுத்து, முள்ளைச் சுற்றித் துணியை வெட்டி, லூரை உள்ளங்கையில் வாங்கினாள். கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

டாக்டர் கண்ணைத் திறந்தார். அவள் கையையே பார்த்தார். "ஃபிரெண்டு வெங்கட் கொடுவா பிடிச்சான்னு அருண் ஒரு போட்டோ காட்டினான். கை மட்டும் தெரிஞ்சுது. நகத்துல மருதாணி. யாருடா இந்த வெங்கட்டுன்னு அப்பவே யோசிச்சேன்."

அருண் கடலைப் பார்த்தான். வெண்ணிலா, "நான்தான், அங்கிள். காலேஜ்ல படிக்கிறப்ப அருண்கூடப் போய்ப் பிடிச்சது, உங்களுக்குப் பயந்து பேரை மாத்திட்டான்" என்றாள்.

கிழிந்த காலரோடு அந்த மனிதர் சிரித்தார் பாருங்கள், முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது. தன் ராடை அவளிடம் நீட்டி, "வீசு, பார்ப்போம்" என்றார். வீசினாள். ராட் வளைந்து நிமிர்ந்தது. லூர் போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது.

டாக்டர் என்னிடம் திரும்பினார். "மண்டபம் எங்க பார்க்கலாம், சம்பந்தி?"

கல்யாணம் நன்றாக நடந்தது. இன்றைக்கும் சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வந்தால், என் பக்கத்தில் உட்காரும் முன் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார், வீடே சிரிக்கும். என் ராடில் கொடி கட்டித் துணி காயப்போடுகிறாள் என் மனைவி. (எவ்வளவு ஈரத் துணி போட்டாலும் வளையாது. கவனிக்கவும்.)

அந்த லூரைச் சட்டைத் துணியோடு கண்ணாடிச் சட்டத்தில் போட்டு சம்பந்தி தன் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். கீழே 'காப்பாற்றியவர்: வெண்ணிலா' என்று எழுதியிருக்கிறது. எழுதட்டும், என் மகள்தானே. ஆனால் மாட்டிவிட ஒருவன் இல்லாமல் காப்பாற்ற ஒருத்திக்கு என்ன வேலை? நான் மட்டும் வளைகிற ராடை வாங்கியிருந்தால், டாக்டர் நல்ல சட்டையோடு வீட்டுக்குப் போய், யோசித்துச் சொல்கிறேன் என்றிருப்பார். ஆகவே சம்பந்திக்கு எழுத்து மூலமாகவே சொல்கிறேன்: சட்டத்தில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. 'வீசியவர்: தணிகாசலம், மரக்காணம்.' எழுத்து பெரிதாக இருக்கட்டும்.